மறுமொழி: கன்டெம்ப்ட் – அவமதிப்பா, இளக்காரமா?

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

ஆங்கிலக் 'கன்டெம்ப்ட்'டுக்கு (contempt) நம் சொற்பட்டியலில் என்ன தமிழ் வைப்பது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. அவமதிப்பு, இகழ்ச்சி, ஏளனம், எள்ளல், இளிவரல், புறக்கணிப்பு என்று ஆளுக்கொரு சொல்லைக் கொண்டுவந்து போட்டிருக்கிறீர்கள். எல்லாமே நல்ல சொற்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் கன்டெம்ப்ட்டுக்கு எதிரே எழுதி முடித்துவிடலாம் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சட்டத்துக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு சொல் வேண்டும். சட்டத்துக்குள்ளேயே இன்னொன்றையும் சேர்த்தாக வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வக்கீல் அண்ணா எழுதியதை எடுத்துக்கொள்கிறேன்.

> அவமதிப்பு என்பது சட்டத் தமிழில் நிலைத்துவிட்டது. அதையே எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று இருந்தால்தான் தேடுவதற்கும் வசதி.

(புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்ப வேண்டாம். அண்ணா இருப்பது ஆந்திரச் சித்தூர். நான் கேரளத்துச் சித்தூர்த் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பார்சல் மாறிப் போகிற அளவுக்குப் பெயர்ப் பொருத்தம்.)

அண்ணா, தேடும் வசதி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'ஆர்டர்' என்ற ஒரே சொல்லை நீதிமன்றத்தில் உத்தரவு என்கிறோம், கணக்கு வகுப்பில் வரிசை என்கிறோம், காவல்துறைச் செய்தியில் ஒழுங்கு என்கிறோம். அதனால் இதுவரை யாரும் தேடித் தொலைந்துபோகவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு மூன்று வேலை பார்க்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல் அத்தனை வேலையையும் சுமக்க வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

நம்மைச் சுற்றியிருக்கிற மொழிகள் நீதிமன்றக் கன்டெம்ப்ட்டை என்ன செய்தன என்று பாருங்கள். எல்லையில் உட்கார்ந்திருப்பதில் இந்த ஒரு லாபம் உண்டு. உங்கள் பக்கத்துத் தெலுங்குப் பத்திரிகைகள் 'கோர்ட்டு திக்கரண' என்று எழுதுகின்றன. சொன்னதைக் கேளாமல் எதிர்த்து நிற்பது என்று பொருள். இங்கே மலையாளத்தில் 'கோடதியலக்ஷ்யம்'. கோடதியை, அதாவது நீதிமன்றத்தை, பொருட்படுத்தாமல் இருப்பது. கன்னடத்தில் 'நியாயாங்க நிந்தனெ', அதாவது வாயால் பழிப்பது. நாம் 'நீதிமன்ற அவமதிப்பு' என்றோம், மரியாதையைக் கெடுப்பது. நாலு மாநிலத்துக்கும் சட்டம் ஒன்றுதான், 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம். ஆனால் நாலு மொழியும் அதன் நாலு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. லத்தீன் வேரான 'கான்டெம்னெரெ'வுக்கு ஒரு பொருட்டாக மதியாமல் விடுவது என்பதுதான் பொருள். அந்தக் கணக்கில் மலையாளம்தான் வேருக்குக் கிட்டே நிற்கிறது.

அதற்காக நாமும் 'நீதிமன்ற அலட்சியம்' என்று வைத்துவிட முடியாது. தமிழ்க் காதில் அது நீதிமன்றம் காட்டிய அலட்சியம் என்றுதான் விழும். விழுந்ததை நேரிலேயே பார்த்தேன். நான் கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்து பிழைக்கிறவன். எருத்தேம்பதிப் பக்கத்து விவசாயி ஒருவர், எதிர்த்தரப்பு வக்கீல் அனுப்பிய மலையாள நோட்டீஸோடு வந்தார். வாய்க்கால் தகராறு. பக்கத்துத் தென்னந்தோப்புக்குப் போகும் தண்ணீரை மறிக்கக்கூடாது என்று உறுத்துக்கட்டளை இருக்கிறது. ஊர் வழக்கில் 'ஸ்டே'. இவர் ஒரு ராத்திரியில் மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்துவிட்டார். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்வார். 'கோடதியலக்ஷ்யம்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, கோர்ட்டு அலட்சியமா இருந்துட்டுதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க" என்றார். நல்ல சந்தோஷம் அவருக்கு.

"இல்லீங்க, நீங்க கோர்ட்டை அவமதிச்சுட்டீங்கன்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

முகம் மாறிவிட்டது. "நானா? கோர்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பனா? ஜட்ஜய்யா கார் போனாக்கூட மடிச்சுக் கட்டின வேட்டியை இறக்கிவிட்டுட்டு நிக்கிறவன் நான்!"

இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் யாரையும் அவமதிக்கவில்லை. மடையை அடைத்தார், அவ்வளவுதான். மலையாளச் சொல் அவருக்குத் தலைகீழாகப் புரிந்தது. நம் தமிழ்ச் சொல்லோ செய்யாத ஒன்றைச் செய்ததாக அவர்மேல் ஏற்றியது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நம்முடையதுதான் என்பேன். அவர் செய்த தப்பு என்ன என்பது கடைசிவரை அவருக்கு அந்தச் சொல்லிலிருந்து தெரியவில்லையே.

1971 சட்டத்தின் 2-ஆவது பிரிவு கன்டெம்ப்ட்டை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் வகை 'சிவில்': நீதிமன்றத்தின் தீர்ப்பு, உத்தரவு, கட்டளை எதையாவது வேண்டுமென்றே மீறுவது, அல்லது நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவது. இதில் வசவு இல்லை, ஏச்சு இல்லை. வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே செய்யலாம். இரண்டாவது வகை 'கிரிமினல்': நீதிமன்றத்தின் பெயரைக் கெடுக்கும்படி எதையாவது பேசுவது, எழுதுவது, வெளியிடுவது, நடந்துகொண்டிருக்கும் வழக்கின் போக்கைக் கெடுப்பது, நீதி நடப்பதற்குக் குறுக்கே நிற்பது. இரண்டுக்கும் 12-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடவும் இடமுண்டு.

அவமதிப்பு என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிற வழக்கு எது என்றால் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு வழக்கு. 1967 நவம்பரில் கேரள முதலமைச்சராக இருந்தபோது, நீதிபதிகளை வர்க்க வெறுப்பும் வர்க்க நலனும் வர்க்கச் சார்பும்தான் நடத்துகின்றன என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் பேசினார். கேரள உயர் நீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 1970-ல் குற்றம் குற்றம்தான் என்று சொல்லி அபராதத்தை மட்டும் 50 ரூபாயாகக் குறைத்தது. அவர் எந்த உத்தரவையும் மீறவில்லை, பேசினார். எருத்தேம்பதிக்காரர் எதையும் பேசவில்லை, மீறினார். இவர்கள் இரண்டு பேரையும் 'அவமதித்தவர்' என்று ஒரே பெயரில் கூப்பிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அண்ணா உடனே திருத்துவார் என்று தெரியும், நானே சொல்லிவிடுகிறேன். முன்சீப் கோர்ட்டின் உறுத்துக்கட்டளையை மீறினால் 1971 சட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 39-ஆவது ஆணை, விதி 2ஏ-யிலேயே வழி இருக்கிறது: சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். கீழ் நீதிமன்றத்தை அவமதித்ததற்கு 1971 சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். ஆனால் ஊரில் யார் விதி எண் பார்க்கிறார்கள்? எல்லாமே 'கன்டெம்ப்ட் போட்டிருக்கான்'தான்.

இப்போது தமிழில் இந்த இரண்டையும் உரிமையியல் அவமதிப்பு, குற்றவியல் அவமதிப்பு என்று எழுதுகிறார்கள். 'உரிமையியல் அவமதிப்பு' என்றால் ஏதோ ஒருவருடைய உரிமையை அவமதித்தது போலக் கேட்கிறது. ஆகவே நான் முன்வைப்பது: சிவில் கன்டெம்ப்ட்டுக்கு 'ஆணை மதியாமை'. கிரிமினல் கன்டெம்ப்ட்டுக்கு அவமதிப்பே இருக்கட்டும். இரண்டுக்கும் பொதுத் தலைப்பாக நீதிமன்ற அவமதிப்பு என்பதும் இருந்துவிட்டுப் போகட்டும். பத்திரிகையில் இத்தனை வருஷம் ஊறிய சொல்லைப் பிடுங்கி எறிய முடியாது.

ஏன் 'மீறல்' என்று வைக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒப்பந்த மீறல், விதிமீறல், உரிமை மீறல் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். தெரியாமல் செய்தாலும் மீறல் மீறல்தான். இங்கே 'வேண்டுமென்றே' என்பது உயிர்நாடி. மதியாமை என்று சொல்லும்போது தெரிந்தும் கணக்கில் எடுக்கவில்லை என்பது உள்ளேயே வந்துவிடுகிறது. அவமதிப்போடு 'மதி' உறவும் விட்டுப்போகாது. சொல்லும் புதிதில்லை. 'மதியாதார் முற்றம் மதித்தொருகால் சென்று மிதியாமை கோடி பெறும்' என்று ஔவை பாட்டாகச் சின்ன வயதிலேயே கேட்டதுதான். கள்ளாமை, வெஃகாமை, கொல்லாமை என்று அதிகாரத் தலைப்பே வைத்த மொழியில் இந்த 'ஆமை' வாய்பாடு யாருக்கும் இடறாது.

இகழ்ச்சியை முன்மொழிந்த ஐயாவுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சொல்லுக்குப் பழைய இலக்கியத்தில் இருக்கும் பலம் உண்மையிலேயே பெரியது. பெரியாரைப் பிழையாமை அதிகாரத்தின் முதல் குறளே 'ஆற்றுவார் ஆற்றல் இகழாமை' என்று தொடங்குகிறது. அதிகாரம் உள்ளவரைத் துச்சமாக நினைக்காதே என்பது; கன்டெம்ப்ட் சட்டத்தின் கருவே அதுதான். 'இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக' என்று பொச்சாவாமை அதிகாரத்தில் வரும்போதோ இகழ்ச்சிக்குக் கவனமில்லாமை, மறதி என்று பொருள். மலையாளத்து அலக்ஷ்யத்துக்குச் சரி ஜோடி! ஆனால் இன்றைக்கு இகழ்ந்தான் என்றால் வாயால் மட்டம் தட்டினான் என்று மட்டும்தான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். பழைய பொருளை மீட்டெடுக்கும் வேலையைச் சொற்பட்டியல் செய்ய முடியாது. அது கவிஞர்கள் பாடு.

அடுத்து மனசுக்கு வருகிறேன். எனக்கு ஆர்வம் இதில்தான் அதிகம்.

> கணவன் மனைவிக்கு நடுவில் வருவதை அவமதிப்பு என்று எழுதிக் கொடுத்தால், 'நான் எங்கே மேடம் அவளை அவமானப்படுத்தினேன்? ஒரு வார்த்தை திட்டினது கிடையாது' என்கிறார்கள்.

பாலக்காட்டில் மனநல ஆலோசகராக இருக்கும் அக்கா எழுதியது. மடையை அடைத்தவர் சொன்னதும் இதுவேதான், கவனித்தீர்களா? வாய் திறக்காமல் செய்வதை வாயால் செய்வதற்கான சொல்லால் சொன்னால் ஆள் ஒத்துக்கொள்ள மாட்டான்.

உளவியலில் கன்டெம்ப்ட் என்பது ஒரு பார்வை. எதிரே இருப்பவர் நமக்குச் சமமில்லை, கீழே என்று உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்ட பார்வை. வெறுப்பு இப்படி இருக்காது. வெறுக்கிறவன் எதிராளியை ஓர் ஆளாக மதித்துத்தான் வெறுக்கிறான், ராத்திரி தூங்காமல் அவனையே நினைத்துக்கொண்டிருக்கிறான். இங்கே அந்த மெனக்கெடல்கூடக் கிடையாது. உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 1986-ல் இதற்கென்று தனி முகபாவம் உண்டு என்று எழுதினார்கள்: உதட்டின் ஒரு பக்க ஓரம் மட்டும் இறுகி லேசாக மேலே ஏறும். கோபமும் பயமும் துக்கமும் முகத்தின் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி தெரியும்போது, இது ஒன்று மட்டும் ஒருபக்கமாகத் தெரிகிறது. தம்பதிகளை வைத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜான் காட்மன், மணவாழ்க்கையைக் குலைக்கிறவை என்று நாலைச் சொன்னார். ஓயாமல் குறை சொல்வது, கன்டெம்ப்ட், எதற்கெடுத்தாலும் தன்னைக் காத்துப் பேசுவது, கல் மாதிரி வாயை மூடிக்கொள்வது. நாலில் மணமுறிவை மிக உறுதியாகக் காட்டிக்கொடுப்பது கன்டெம்ப்ட்தான் என்பது அவர் கண்டது. கண்ணை உருட்டுவது, குத்தலாகப் பேசுவது, பேசியதை அதே குரலில் பேசிக் காட்டுவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

கண்ணை உருட்டுவது அமெரிக்கக்காரர்களுக்கு. நம் வீட்டில் அது மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வது. அக்கா தன் கையேட்டில் இதை அவசியம் சேர்க்க வேண்டும். மாமியார் ஒன்று சொல்லி முடிக்கிறார்; மருமகள் பதிலே பேசாமல் 'ம்க்கும்' என்று கழுத்தை ஒரு நொடி நொடித்துவிட்டு உள்ளே போகிறாள். அல்லது மருமகள் சொல்ல மாமியார் நொடிக்கிறார். அதற்கு அவமதிப்பு என்று பெயர் வைத்தால் சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது. ஆனால் அந்த இடத்தில் நின்ற எவருக்கும் நடந்தது என்ன என்று தெரியும்.

எள்ளலைச் சொன்னவர் தொல்காப்பியத்தைக் காட்டியிருந்தார். மெய்ப்பாட்டியலில் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்கள் நாலு. எள்ளல் வெகுளிக்குள் போகவில்லை, இளிவரலுக்குள்ளும் போகவில்லை, சிரிப்புக்குள் போயிருக்கிறது. ஒரு பக்க உதட்டுக் கதையைப் படித்துவிட்டு இதைப் பார்த்தால் எனக்குப் புல்லரித்தது உண்மை. ஆனாலும் எள்ளலைத் தர மனமில்லை. 'எள்ளல் நடை' என்று இலக்கிய விமர்சனக்காரர்கள் அதை எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றைக்கு அது பாராட்டுச் சொல். இளிவரலோ எதிர்ப்பக்கத்துச் சொல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை இவற்றால் தான் தாழ்ந்துபோனதாக உணர்கிறவனுக்கு வருவது. தாழ்த்திப் பார்க்கிறவனுக்கு அது பொருந்தாது.

என் பரிந்துரை இளக்காரம். சொல்லிப் பாருங்கள்: 'அவரு என்னை எப்பவும் இளக்காரமாத்தான் பாக்கறாரு.' இதைவிடத் துல்லியமாக அந்த உணர்ச்சியைச் சொல்ல எந்தக் கலைச்சொல்லால் முடியும்? பேச வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். மேலிருந்து கீழே பார்ப்பது தானாக வந்துவிடுகிறது. 'ஏழைன்னா எல்லாருக்கும் இளக்காரம்' என்பதில் யாரும் யாரையும் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏளனம் என்றால் வெளியே காட்டியாக வேண்டும், சிரித்தோ பேசியோ. இளக்காரம் உள்ளேயே இருந்துகொண்டும் வேலை செய்யும்.

இதற்கு இரண்டு மறுப்பு வரலாம். ஒன்று, 'இளக்காரம் கொடுக்காதே' என்றால் இடம் கொடுக்காதே என்று பொருளாயிற்றே என்பது. கொடுப்பது வேறு, காட்டுவது வேறு என்று வினையே பிரித்துக் காட்டிவிடுகிறது. இரண்டாவது, அது பேச்சு வழக்கு, கலைச்சொல்லுக்கு மிடுக்குப் போதாது என்பது. எனக்கு இந்த வாதமே பிடிப்பதில்லை. ஆலோசனை அறையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாத மிடுக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு போட்டியும் உண்டு: புச்சம். மலையாளத்தில் கன்டெம்ப்ட்டுக்கு அன்றாடச் சொல் அதுதான். 'எந்தொரு புச்சம்!' என்றால் அந்த ஒரு பக்க உதடு கண்முன்னால் வந்து நிற்கும். கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசும்போதும் அது நாக்கில் வந்துவிடுகிறது, என் வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வாளையாறு தாண்டினால் செல்லாது. வடமொழிப்படி பார்த்தால் புச்சம் என்பது வால். கோயம்புத்தூர் வாசகர் அகராதியைப் புரட்டிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார், அதுவும் ஒரு புச்சம்தான். உங்கள் பக்கத்தில் தெலுங்குச் 'சுலகன' இந்த இடத்தைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன் அண்ணா. 'சுலகனகா' பார்ப்பதும் இளக்காரமாகப் பார்ப்பதும் ஒன்றுதானே?

தொடர்களுக்கு ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆபத்தையோ சாவையோ கன்டெம்ப்ட்டோடு பார்ப்பது ஆங்கிலத்தில் வீரத்துக்கு அடையாளம். தமிழில் அது உயிரைத் துச்சமாக மதிப்பது, அங்கே இளக்காரம் ஒட்டாது. 'கன்டெம்ப்சுவஸ்' இளக்காரமான. அதன் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் 'கன்டெம்ப்டிபிள்' எதிர்ப்பக்கம் நிற்பது, பார்க்கப்படுகிற ஆளையோ செயலையோ சொல்வது. அதற்கு இழிந்த, கேவலமான என்பவையே போதும். செய்தி மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பழக்கம் அதிகமானால் கன்டெம்ப்ட் பிறக்கும் என்ற ஆங்கிலப் பழமொழிக்கு நம்மிடம் 'பழகப் பழகப் பாலும் புளிக்கும்' தயாராக இருக்கிறது. புளிப்பில் சலிப்புதான் அதிகம், இளக்காரம் கொஞ்சம் கம்மி, ஆனாலும் போகட்டும்.

கடைசியாக 'கன்டெம்னர்', அதாவது கன்டெம்ப்ட் செய்த ஆள். ஆணை மதியாமைக்கு 'ஆணை மதியாதவர்', குற்றவியல் வகைக்கு 'அவமதிப்பாளர்' என்று வைத்துப் பார்த்தேன். இரண்டாவது வாயில் நன்றாக நிற்கவில்லை. 'மதிப்பாளர்' என்று காதில் விழுந்து யாரோ சொத்து மதிப்பீட்டாளர் போல ஆகிவிடுகிறது. 'அவமதித்தவர்' என்றால் குற்றம் முடிவாகிவிட்டது போலத் தொனிக்கிறது, விசாரணை நடக்கும்போது எழுத முடியாது. இதற்கு உங்கள் கோர்ட்டுத் தமிழ் ஆவணங்களில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா. பட்டியல் வைத்திருப்பவர் 'ஆணை மதியாமை', 'இளக்காரம்' இரண்டையும் வரைவில் ஏற்றிவிட்டால், மறுப்பு உள்ளவர்கள் அங்கேயே குறிப்பு எழுதலாம். சட்டமன்ற உரிமை மீறலை மட்டும் இந்த இழைக்குள் இழுக்காதீர்கள், அதற்கு வேறு அரசமைப்புப் பிரிவுகள், வேறு சொற்கள். தனியாக வைத்துக்கொள்ளலாம்.